விளிம்பு வரை தேநீர்

இனிமேல் என் மனைவி பெர்மெத்துக்குப் பயப்படுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான். இருந்தாலும் முடிவு முடிவுதானே!

விஷயம் இதுதான். நான் 'சமோவார்' என்கிற இண்டி ராக் குழுவின் பாடகன். எங்கள் தாத்தாக்கள் ரேடியோவில் கேட்ட மாதிரி மெட்டு, காதைக் கிழிக்கிற கிட்டார். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இப்போதுதான் நாலு பேருக்கு எங்கள் பெயர் தெரிகிறது. அதில் மூன்று பேர் குழுவிலேயே இருக்கிறார்கள். நாலாவது நான். சனிக்கிழமை பூங்கா மேடையில் முதல் கச்சேரி. ஒத்திகைக்கு என் வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

ஆனால் பெர்மெத் கையில் தேநீர்க் கெண்டி இருக்கிறதே! எங்கள் ஊரில் அரைக் கிண்ணம் ஊற்றினால், "இருங்க, இன்னும் ஊத்தறேன்" என்று மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், "குடிச்சிட்டுக் கிளம்பு." போன வாரம் என் சொந்த அண்ணனுக்கே தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

பையன்கள் வந்து தரைவிரிப்பில் உட்கார்ந்தார்கள். கடையிலிருந்து திரும்பியிருந்த அவளும் பின்னாலேயே கெண்டியோடு வந்துவிட்டாள்.

"என்னங்க இது கூத்து?"

"கூத்தில்லம்மா, ராக்."

"ராக்கா, ரகளையா? சுருதி சேருறதுக்குள்ள உங்களுக்கு சுதி ஏறிடுமே!"

கெண்டி சாய்ந்தது. ஐயோ, கச்சேரி போச்சே! நான் குறுக்கே பாய்ந்தேன்.

"பெர்மெத்! உன் குரல் தேனாச்சே. ஒரு பாட்டுப் பாடேன், பசங்க கேக்கட்டும்!"

சத்தியமாக, அவள் கத்திக் கேட்டிருக்கிறேனே தவிர, பாடிக் கேட்டதில்லை. ஆனால் புகழ்ந்தால் மனசு இளகும், ஊற்றுவதை மறந்துவிடுவாள். எப்படி என் ராஜதந்திரம்?

வெட்கப்பட்டாள். பிறகு பாடினாள். டிரம்ஸ் வாசிக்கிற தாலாய் கையிலிருந்த குச்சிகளை நழுவவிட்டான்.

"அக்கா! இந்தக் குரலைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்!"

"இதுவரைக்கும் யாரு பாடினா?"

"அண்ணன்தான்..." என்று என்னைக் காட்டி இழுத்தான்.

"அட பாவமே, எப்படிடா தாங்கினீங்க? சரி, சனிக்கிழமை நானே வந்து பாடறேன்."

"டேய், அப்ப நான்?" என்றேன். ஒரு பயலும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெர்மெத் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். பையன்களுக்கு அரைக் கிண்ணம்.

எனக்கு விளிம்பு வரை.