எல்லாக் கப்பிலும் புதினா

புகை வந்தால்தான் கெடுதல் என்று இருபத்திரண்டு வயதில் மனமார நம்பியவன் நான். அந்த ஞானத்தைக் கொடுத்தது பெங்களூரில் வேலை பார்த்த நண்பன். அவன் தந்த வட்ட டப்பாவுக்குள் குட்டிக் குட்டி வெள்ளைப் பைகள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒன்றைச் செருகிக்கொண்டால் போதும். புகை இல்லை, துப்பல் இல்லை, புதினா மணம் வேறு. உள்ளே நிகோடின் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. (ஏதோ வைட்டமின் பெயர் போல கௌரவமாகத்தான் இருந்தது.)

அப்போது சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் எனக்கு எடுபிடி வேலை. ஜீப் டிரைவர் மாரியண்ணன் கன்னத்தில் எப்போதும் பொயிலை அடக்கியிருப்பார். "உடம்பக் கெடுத்துக்கறீங்களேண்ணா" என்று அவருக்குப் புத்தி சொல்வேன், வாயில் பையோடு. "நிறுத்தோணுங் கண்ணு" என்று அவரும் பணிவாகக் கேட்டுக்கொள்வார்.

மேனேஜர் ஸ்டெல்லா மேடம் எனக்குக் காபி ருசி பார்க்கப் பழக்கியிருந்தார். பெரிய வியாபாரி ஒருவர் முன்னால் ருசியைச் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த வேலை எனக்கே என்றார். காபிப் பழம் பறித்தே காலம் தள்ளிய குடும்பத்தில் நாக்கால் சம்பாதிக்கப்போகிற முதல் ஆள் நான். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பதற்றம் தணியட்டும் என்று, வியாபாரி வந்த அன்று இரண்டு பைகளைச் செருகிக்கொண்டு போனேன்.

காபியைக் கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாளியில் துப்ப வேண்டும். முதல் கப்பை உறிஞ்சினேன்.

"புதினா வாசம் வருதுங்க."

வியாபாரி புருவத்தை உயர்த்தினார். இரண்டாவது கப்.

"இதுலயும் வருதுங்க."

மேடம் முறைத்தார். நிரூபித்தே தீருவது என்று அடுத்த கப்பை முழு மூச்சோடு உறிஞ்சினேன். ஒரு பை தொண்டைக்குள் போய்விட்டது.

விக்கல், வியர்வை, தலைசுற்றல். சேர்வராயன் மலையே என்னை ஒரு சுற்று சுற்றி வந்தது. வாளியைக் கட்டிக்கொண்டு காலை இட்லி வரை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். வியாபாரி தன் ஷூவைப் பார்த்தபடி வெளியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மாரியண்ணன்தான் ஜீப்பில் தூக்கிப்போனார். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியண்ணன் முந்திக்கொண்டார்.

"பொயிலச் சாத்த முழுங்குன மாதிரிதானுங்க டாக்டர். மொதத் தடவ எனக்கும் இப்படித்தானுங்க ஆச்சு. நொம்ப நல்ல பையனுங்க, எனக்கே புத்தி சொல்லுவான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே டப்பாவை விட்டேன். விட்டேன் என்று எழுதுவது சுலபம். அது வைட்டமின் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தூக்கம் போயிற்று, கை தானாகச் சட்டைப் பையைத் துழாவியது, அம்மாவிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அடுத்த அறுவடைக்கு மேடம் அரை மனதோடு மறுபடி உட்காரவைத்தார். அதே வியாபாரி, கூட ஒரு இளம் உதவியாளர். முதல் கப்பில் எலுமிச்சைப் புளிப்பு என்றேன். அடுத்ததில் கருப்பட்டி என்றேன். வியாபாரி தலையாட்டினார். அதற்கடுத்த கப்பில் நின்றுவிட்டேன்.

"மாம்பழ வாசம் வருதுங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"காபியில இல்லீங்க. இந்தத் தம்பி சட்டைப் பையில."

உதவியாளர் நெளிந்தபடி வேப் என்கிற மின்சிகரெட்டை வெளியே எடுத்தார். "புகையில்லீங்க சார், வெறும் ஆவிதான்" என்றார். என்னையே எதிரில் பார்த்த மாதிரி இருந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். வியாபாரியும் சிரித்தார். "இந்த மூக்க உட்றாதீங்க மேடம்" என்றார். அன்று மாலையே வேலை எனக்கு உறுதியானது. ஜெயித்துவிட்டேன் என்று எஸ்டேட் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் என் பக்கத்து நாற்காலிதான். "எம்பையன் மோந்து பாத்துச் சொல்லட்டுமுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்பாள் அம்மா. போன மாதம் வாழவந்தியிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்ததும் போன் பேசுகிற சாக்கில் வெளியே போனார். கூட வந்த தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.