பீரோவுக்குப் பின்னால் ஓர் உள்நோயாளி

கேட்காமல் யாரும் இந்த வீட்டில் கருத்துச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். நான் பல் தேய்க்கும் திசையிலேயே மாமியார் திருத்தம் சொல்லத் தொடங்கியிருந்த நேரம்.

எனக்கு ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை. வார்டில் படுத்திருப்பவரை வேறொரு டாக்டர் வந்து பார்த்தால், அதற்குக் கோடு போடுவது நான்தான். ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடு அல்ல; இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அனுப்புகிற எண். வைத்தியம் பார்க்கும் டாக்டர் கேட்டு, வந்தவர் பார்த்து, பதில் எழுதினால்தான் அது ஆலோசனை. கேட்காமல் சொன்னால் செல்லாது. இதை விளக்கியதும் மாமியாரும் என் மனைவியும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மாமியார் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில், அந்தச் சந்தோஷத்தில் பீரோ ஒன்று வாங்கினேன். கடை ஆட்கள் ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள். நானே படுக்கையறைக்குள் நின்று இழுத்தேன். பாதி வந்தது. அப்புறம் வரவும் இல்லை, போகவும் இல்லை. பீரோ வாசலை அடைத்துக்கொண்டது. நான் உள்ளே.

ஹாலில் இருவரும் காபி குடிக்கும் சத்தம் கேட்டது. கருத்து எதுவும் வரவில்லை. வியர்த்து, தோள் கன்றி, கடைசியில் வாயைத் திறந்தேன்.

“அத்தை, எல்லாம் உங்க பொறுப்பு. எப்படியாவது என்னை வெளிய எடுங்க.”

மனைவி குறுக்கிட்டாள். “ஒரு சந்தேகங்க. பொறுப்பையே குடுத்துட்டா, அதுவும் ஆலோசனைதானா?”

தொழில் சம்பந்தமாகக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. பீரோவுக்குப் பின்னாலிருந்து பொறுமையாக விளக்கினேன். “இல்ல. அப்புறம் அவங்கதான் டாக்டர். டிஸ்சார்ஜ் வரைக்கும் எல்லாம் அவங்க முடிவுதான்.”

“சரிங்க,” என்றாள்.

மாமியார் எழுந்து வந்தார். “பீரோ கைப்பிடி கதவு நிலையில மாட்டியிருக்கு மாப்பிள்ளை. லேசா சாய்ங்க, போதும்.”

சாய்த்தேன். பீரோ வெண்ணெய்போல் வழுக்கி உள்ளே வந்தது.

“இது எப்பத்திலேருந்து தெரியும் அத்தை?”

“நீங்க இழுக்க ஆரம்பிச்சதுலேருந்தே.”

வெளியே வந்தேன். மாமியார் கட்டி வைத்திருந்த பெட்டியை மனைவி பிரித்து, புடவைகளைப் புது பீரோவில் அடுக்கப் போனாள். ஊருக்குப் போகலையா என்று கேட்டேன்.

“உங்களுக்கு எப்ப டிஸ்சார்ஜ்னு அம்மா இன்னும் சொல்லலையே,” என்றாள்.