ஒட்டுக்கேட்கப்படுகிறவர்

ஒட்டுக்கேட்கிறவர்கள் என்று ஓர் இனம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் ஒட்டுக்கேட்கப்படுகிறவர்கள் என்று ஓர் இனம் நிச்சயமாக இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். அலுவலகத்தில் ஒருவர், உறவில் இரண்டு பேர், பேருந்து நிறுத்தத்தில் எந்நேரமும் ஒருவர் கிடைப்பார்.

அடையாளம் சொல்கிறேன். கைபேசியின் கேமரா மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருப்பார். முக்கியமான விஷயம் பேசுமுன் கைபேசியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைத் துண்டால் சுற்றி, துண்டைப் பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டு, பிறகு தெருவே கேட்கும் குரலில் பேசத் தொடங்குவார். என்ன பேசுவார்? தமக்குச் சர்க்கரை நூற்றெண்பது என்பார். மச்சான் வாங்கிக்கொண்டு போன துளைபோடும் மெஷினைத் திருப்பித் தரவில்லை என்பார். அவ்வளவுதான்.

என் கீழ்வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல்தரமானவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் பார்ப்பது அந்தக் கண்ணால் அல்ல.

ஒருநாள் படிக்கட்டில் அவரிடம் வாயைக் கொடுத்தேன்.

"இப்பல்லாம் செய்தியை வழியில யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புறாங்களாமே சார்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூட்டுறாங்க. பூட்டு செஞ்சவன் இன்னொரு சாவி செஞ்சு வச்சுக்காம இருப்பானா?"

"அப்போ உளவுத்துறை நினைச்சா உடைச்சிடுமா?"

"உடைக்கிறதா! டீ ஆறதுக்குள்ள படிச்சு முடிச்சிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் உள்ள இருக்கார்."

இந்த இனத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர் ஒருவர் 'உள்ளே' இருக்கிறார். எதன் உள்ளே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. உடைக்க ஆகும் நேரமும் கேட்கிற ஆளைப் பொறுத்தது. விவரமான ஆளாக இருந்தால் ஒரு வாரம். என்னைப் போல வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் டீ ஆறுகிற நேரம். குழந்தைகளுக்கு ஒரு நொடி.

அப்படியானால் இவர் எதற்கு மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றுகிறார்? நல்ல கேள்வி. கேட்டுவிடாதீர்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கடைக்குப் போகுமுன், பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டி, இருபது எழுத்தில் ஒன்றைப் புதிதாகப் படைப்பார். காகிதத்தில் எழுதமாட்டார். எழுதினால் எடுத்துவிடுவார்களாம்.

குடும்பத்தின் சகல ஆவணங்களும் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதற்குக் கடையில் கிடைத்ததிலேயே பெரிய பூட்டாகக் கேட்டு வாங்கியிருந்தார். அந்த மாதாந்தரக் கடவுச்சொல்லைப் பத்து முறை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தானே அழிந்துபோகும். இதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவருடைய மகள் மாடிக்கு ஓடிவந்தாள். விடுதியில் தங்கிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு நாள் முன்புதான் வீடு வந்திருந்தாள்.

"மாமா, கொஞ்சம் கீழ வாங்களேன். அப்பாவுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

பெரிய மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபி மேற்படிப்புக்கு அவள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கடைசி நேரம் மாலை ஐந்து மணி. அசல் சான்றிதழ்கள் முத்திரை வாங்க வேறு ஊர் அலுவலகத்துக்குப் போயிருந்தன. நகல்கள் பென் டிரைவில். நான் போனபோது ஏழு முறை தப்பாக அடித்து முடித்திருந்தார். இன்னும் மூன்று பாக்கி. அந்தப் பெண் அழவில்லை. உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கேலி செய்கிற ஆசையே போய்விட்டது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"இதை உடைக்க முடியுமா தம்பி?"

"நம்மால முடியாது சார். யாராலயும் முடியாது. ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தா கோடி வருஷம் ஆகும்."

"அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"இந்தப் பூட்டையெல்லாம் யாரும் உடைக்கிறதில்ல சார். சாவி எங்க விழுந்து கிடக்குன்னுதான் பார்ப்பாங்க. வீட்டுல யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க."

"வீட்டுல யாருக்கும் தெரியாது!" என்றார் தகப்பனார். அந்த நிலையிலும் பெருமை விடவில்லை.

பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம். பீரோவைத் திறந்து, துண்டைப் பிரித்து, டப்பாவைத் திறந்து, கைபேசியை எடுத்து, பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து எழுந்து நின்றார்.

"ஐயா, வணக்கம். நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. போன திங்கக்கிழமை மாத்தினது உங்ககிட்ட இருக்கும். அதை மட்டும் கொஞ்சம் சொல்லிடுங்க. பொண்ணோட படிப்பு சார். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

காத்திருந்தார். நாங்களும்தான் காத்திருந்தோம். அங்கே இருந்திருந்தால் நீங்களும் காத்திருந்திருப்பீர்கள்.

கைபேசி அடித்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். எடுத்தார். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு இலவச சர்வீஸ் வேண்டுமா என்று பதிவு செய்த குரல் ஒன்று கேட்டது.

மெதுவாக உட்கார்ந்தார். பத்து வருடமாக அவருடைய சர்க்கரையையும் மச்சானையும் யாரோ ஒருவர் சலிக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் அல்லவா? அந்த ஆள் அன்று மாலை நான்கு பத்துக்குக் காணாமல் போனார்.

நான்கு இருபதுக்குக் கீழ்வீட்டுக்காரரின் மனைவி வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு வருகிற நேரம்.

"என்னங்க, வீடே இப்படி இடிஞ்சு உட்கார்ந்திருக்கு?"

மகள் சொன்னாள். அம்மா வேன் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "பெரிய கே, சின்ன டி, நட்சத்திரம், ஏழு, ஏழு, அடிக்கோடு..." என்று ஆரம்பித்து, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருபது எழுத்தையும் ஒப்பித்து, "ஆச்சரியக்குறி" என்று முடித்தார்.

"நீ ஒட்டுக்கேட்டியா?"

"கேக்கக் கூடாதுன்னு குக்கரை வச்சேன். விசிலுக்கு மேல கத்துறீங்களே."

மகள் அடித்தாள். தப்பு என்றது. அம்மா நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார். மறுபடி அடித்தாள். மறுபடி தப்பு. பாக்கி ஒன்று.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நிமிர்ந்தே பார்க்காமல், "ரெண்டு ஆச்சரியக்குறிம்மா, கடைசியில," என்றார். "திங்கக்கிழமையே நினைச்சேன், ஒண்ணே போதுமேன்னு."

திறந்துகொண்டது.

நான்கு நாற்பத்தேழுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியே ஆசிரியையைப் பார்த்துக் கும்பிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போன வருடத்துக் கடவுச்சொற்களில் ஆறு எனக்கும் மனப்பாடம். அந்த மாதத் திங்கட்கிழமை நான் ஊரில் இல்லை, அதுதான் கோளாறு.

கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு என்னை ஓரமாக அழைத்துப்போனார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சார், அப்போ அவங்க... அவங்க யாரும் கேக்கலையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் பேச்சை உங்கள் வீட்டுக்காரி கேட்கிறார், எதிர்வீட்டு டீச்சர் கேட்கிறார், நான் கேட்கிறேன், அதற்குமேல் யாருக்கும் நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"கேட்டிருப்பாங்க சார். ஆனா சொன்னா மாட்டிக்குவாங்களே? அதான் பேசாம இருந்துட்டாங்க."

நிமிர்ந்தார். "அதானே பார்த்தேன்!" என்றார். கைபேசிக்குப் புதுப் பிளாஸ்திரி ஒட்டப்பட்டது. டப்பா, துண்டு, பீரோ எல்லாம் பழையபடி. மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழிருந்து புதியது வந்துகொண்டிருந்தது: "பெரிய எம், கேள்விக்குறி, ஒன்பது..." இம்முறை ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். நாளைக்கு அந்தப் பெண் மறுபடி ஓடிவந்தால்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'என்னுடையது அவ்வளவு நீளம் இல்லையே' என்று உங்கள் கடவுச்சொல்லை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தீர்கள் அல்லவா? அப்போது உங்கள் உதடு அசைந்தது. தலையை நிமிர்த்தி, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.