எட்டு வீட்டுக்கு ஒரு கதவு

புயல் எங்கள் தெருவைக் கடந்து சென்றதாக முறைப்படி அறிவிப்பு வந்தது. சும்மா கடந்திருந்தால் பரவாயில்லை, போகிற போக்கில் எட்டு வீட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு மிஞ்சியது சிமெண்டுத் தரை, தையல் மெஷின், நிறைமாதமாக இருக்கும் மனைவி. வெள்ளிக்கிழமை இன்னொரு புயல் வருகிறதாம். அதற்குள் நிவாரணத் தார்ப்பாய் வாங்கியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். பார்வையிட்ட வீட்டின் கதவில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிப் போட்டோ எடுத்தால்தான் தார்ப்பாய்.

"கதவு எங்கேய்யா?"

"வீடே இல்லையே சார்."

"சரி, இல்லைங்கறதை எதுல ஒட்டறது?"

"தரையில ஒட்டுங்க சார்."

"சுவர்ல ஒட்டினாலே விளக்கம் கேட்பாங்க. தரைன்னா சஸ்பெண்டுதான். நாளைக்கு வர்றேன், கதவோட இருங்க."

நல்ல மனுஷர். ஒரு நாள் அவகாசம் கொடுத்தாரே!

பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணன் கால்வாயில் மிதந்த ஒரு கதவை இழுத்து வந்தார். எந்த ஊர்க் கதவோ! இரண்டு இரும்புக் கால் வைத்து நிற்க வைத்தார். அதோடு விட்டாரா? "போட்டோவுக்குப் போகுதுப்பா, அழுக்கா இருந்தா தெரு மானம் போயிடும்" என்று பெயிண்ட் வேறு அடித்தார். கைப்பிடியை நான்தான் பளபளவென்று துடைத்தேன்.

புதன்கிழமை முதல் ஸ்டிக்கர் என் வாசலில். ஆய்வாளர் குனிந்து எழுதும்போதே நாலு பேர் கதவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மனைக்கு ஓடினோம். ஸ்டிக்கரைப் பிய்த்தோம், நிறுத்தினோம், மூச்சு வாங்க நின்றோம். ஐந்தாவது வீட்டில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி கதவு வாங்கியிருக்கீங்களே?"

"ஒத்துமையான தெரு சார்" என்றார் அண்ணன்.

எட்டும் முடிந்தது. கதவை மறுபடி என் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். வியாழக்கிழமை உத்தரவு வந்தது.

'மேற்படி தெருவில் எட்டுக் கதவுகளும் பழுதின்றி, புதுப்பொலிவுடன் காணப்படுகின்றன. கதவுகளே இந்நிலையில் இருப்பதால் வீடுகளும் அவ்வாறே இருக்கும் எனக் கருதப்படுகிறது. எனவே தார்ப்பாய் தேவையில்லை. மேலும், புயலைத் தாங்கி நின்ற இத்தெரு பாதுகாப்பு முகாமாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.'

என் மனைவி இரண்டு முறை படித்தாள். "கைப்பிடியைத் துடைச்சீங்களே, நல்லா வேணும்! இனி அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் பிள்ளை பெத்துக்கணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் ஆளாக, மனைவி மக்களோடு, ஆய்வாளர்! தாழ்வான குவார்ட்டர்ஸாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"சார், இங்கே ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்யா. ஆனா முகாம்னு உத்தரவுல இருக்கே. நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

கதவைத் திறந்து, காலைத் துடைத்துக்கொண்டு என் தரைக்குள் வந்தார். பின்னாலேயே எல்லோரும் வரிசையாக அதே கதவு வழியாக வந்தார்கள். ஒருவர்கூடச் சுற்றிக்கொண்டு வரவில்லை. மழை கொட்டியது.

"யாராவது கதவைச் சாத்துங்கப்பா, சாரல் அடிக்குது" என்றார் ஆய்வாளர்.

நான்தான் எழுந்து போய்ச் சாத்தினேன்.