கேட்பாரற்ற வண்டியும் கேட்டுக்கொண்டே இருந்த கரடியும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்றால் ரேஷன் கார்டில்தான். ஆள் பதினொரு வருஷமாகக் கடல் தாண்டிப் பனிக்காட்டில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் சடையாண்டி. பெயர் தெரிந்துவிட்ட பிறகு 'அது' என்று சொல்வது நன்றாக இல்லை, இனி 'அவன்' என்றே சொல்வோம்.

சடையாண்டி பனிக்காட்டில் சிவப்பாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். வாரா வாரம் மனைவி பூவாத்தாளுக்குப் போன் போட்டு, "ஏ புள்ள, ஆடிப் பதினெட்டுக்கு உன்னையப் பின்னால உக்கார வெச்சு ஆத்தங்கரைக்கு ஓட்டிட்டுப் போறேன் பாரு. காடே வாயைப் பொளக்கோணும்" என்பான். அவளும் அதைக் காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டு வந்தது, சடையாண்டி வரவில்லை. "எங்கடி உன் சிவப்பு வண்டி?" என்று குரங்குப் பெண்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் தேன் சங்கத்து வேலைக்குப் போய்விடுவாள். ஊர் ஊராகத் தேன் டின் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அத்தனை டின்னை எப்படிக் கொண்டு போகிறாள் என்று சடையாண்டி ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் சித்திரையில் லீவு கிடைத்தது. வண்டியோடு வந்து இறங்கினான். ஆடி இருபதுக்குத் திரும்பிப் போக வேண்டும், விட்டால் அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்துத்தான்.

துறைமுகத்திலேயே வண்டியைப் பிடித்து, வாகனப் பதிவு ஆபீஸ் காம்பவுண்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் நம்பர் வாங்கினால்தான் வெளியே விடுவார்களாம்.

பகல் நேர கவுன்டரில் ஆந்தையைப் போட்டிருந்தார்கள். சடையாண்டி மூன்று நாள் கவுன்டரைத் தட்டினான். நான்காம் நாள் ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது.

"பழைய பதிவை ரத்து பண்ணின லெட்டர் எங்க?"

சடையாண்டி பனிக்காட்டுக்கு எழுதிப் போட்டான். 'எங்கள் காட்டில் அப்படி ஒரு லெட்டரே கிடையாது, வண்டி உங்களுடையது, தாராளமாக எடுத்துப் போகலாம்' என்று பதில் வந்தது.

ஆந்தை படித்துப் பார்த்தது. "அப்படி ஒரு லெட்டர் கெடையாதுன்னு உரிய படிவத்துல எழுதி, சீல் வெச்சு வாங்கிட்டு வா."

அதையும் வாங்கினான். பனிக்கரடிகள் சீல் வைப்பது வெள்ளை மையில். தாளும் வெள்ளை. ஆந்தை அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீல் எங்க?" என்றது.

"இருக்குதுங்க சார். தடவிப் பாருங்க."

"தடவிப் பாக்குறது வேற செக்‌ஷன்."

அப்புறம் வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்து வந்தான். பென்சில் கறுப்பு போதாது என்றார்கள். வண்டியைத் தணிக்கைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள், தணிக்கை மைதானம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நம்பர் இல்லாத வண்டியின் சக்கரம் ரோட்டில் படக்கூடாது. ஆபீஸ் காவலாளி காக்கை கூடவே வர, சடையாண்டி வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். தணிக்கை செய்த காட்டுப்பன்றி, "தலைல வந்த வண்டியோட பிரேக்கை நான் எப்படிச் சோதிக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டது.

இப்படியே சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் முக்கால்வாசி போய்விட்டது. சடையாண்டி ஒருநாள் விடாமல் ஆபீசுக்குப் போனான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆபீஸ் வாசலில் ஒரு ஓணான் புரோக்கர் தொழில் செய்துகொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இல்லை என்று தலையை அசைத்தது.

"அண்ணா, நீங்க இப்படித் தெனமும் வந்து கேக்குறதுதான் தப்பு."

"கேக்காம எப்படித் தம்பி கெடைக்கும்?"

"காம்பவுண்டுல ஒரு வண்டி இருபத்தொரு நாள் கேட்பாரில்லாமக் கெடந்தா ஏலத்துக்கு விட்டுருவாங்க. ஏலத்துல எடுத்தா அன்னிக்கே நம்பர். நீங்க ஒவ்வொரு தடவை வந்து கேக்குறப்பவும் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது. பேசாம ஊட்டுல படுங்க."

ஆடிப் பதினெட்டுக்குச் சரியாக இருபத்திரண்டு நாள் இருந்தது.

சடையாண்டி வீட்டில் படுத்தான். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பதினோராம் நாள் ஆனிக்கும் ஆடிக்கும் இல்லாத அடைமழை. வண்டி நனையுமே என்று மனசு கேட்கவில்லை. ஒரு தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவனுடைய சிவப்பு வண்டி, சீட்டெல்லாம் தண்ணீர் வழிய நின்றது.

சுவர் மேல் காக்கை நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தது. "என்னங்க கரடியாரே, உங்க வண்டியைப் பாக்க வந்தீங்களா?"

பக்கத்துச் செடியிலிருந்து ஓணான் கண்ணாலேயே கெஞ்சியது.

சடையாண்டி தார்ப்பாயை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். "எந்த வண்டி?" என்றான். "எனக்கு வண்டியெல்லாம் இல்லீங்க. மழைக்கு ஒதுங்கினேன்."

காக்கை நோட்டை மூடியது. சடையாண்டி தார்ப்பாயைத் தன் தலையில் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூவாத்தாள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியை யாரோ என்று சொல்லிவிட்டு வந்தவன் வேறு என்ன செய்வான்?

ஆடிப் பதினெட்டு காலையில் ஏலம். சடையாண்டி முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். "பதினோரு வருஷம் வெளிய இருந்திருக்கே. நீ உள்ளூர்க் கணக்குல வரமாட்டே. தள்ளி நில்லு" என்றது ஆந்தை.

சடையாண்டி தள்ளி நின்றான். முயல் முன்னால் வந்து ஏறிப் பார்த்தது, கால் எட்டவில்லை. யானை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டது, காடே சேர்ந்து வேண்டாம் என்று கத்தியது. அப்போது கூட்டத்திலிருந்து பூவாத்தாள், "மூணு டின் தேன்" என்றாள். எதிர்க்குரல் இல்லை. ஆந்தை கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் நம்பர் எழுதித் தந்துவிட்டது.

"ஏனுங்க, இதுக்குக் காகிதம் ஒண்ணும் வேண்டாமுங்களா?" என்று கேட்டாள்.

"யாரோடதுன்னே தெரியாத வண்டிக்கு என்னத்தைம்மா காகிதம் கேக்குறது?"

சடையாண்டி ஆசை ஆசையாகச் சீட்டைத் துடைத்து ஏறி உட்கார்ந்தான். வாசலில் காட்டுப்பன்றி மறித்தது. "லைசென்ஸ்?" பனிக்காட்டு லைசென்ஸை நீட்டினான். பன்றி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "சீல் எங்க?"

சடையாண்டி இறங்கி நின்றான். தூரத்தில் ஆற்றங்கரை மேளம் கேட்டது.

பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். பன்றி சல்யூட் அடிக்காத குறை.

"உனக்கு எப்ப புள்ள லைசென்ஸு?"

"ஆச்சு ஒம்பது வருசம். சங்கத்து டின்னையெல்லாம் நான் தலைலயா சொமந்தேன்னு நெனச்சீங்க? நீங்க கேக்கவே இல்ல, நானும் சொல்லல. வெரசா ஏறுங்க மாமா, மொளப்பாரி கரைச்சுருவாங்க."

ஆற்றங்கரையில் காடே வாயைப் பிளந்தது. வண்டியை ஓட்டி வந்தவள் பூவாத்தாள். பின்னால், அவள் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சடையாண்டி உட்கார்ந்திருந்தான். குரங்குப் பெண்கள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி இருபதாம் தேதி அவனைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டதும் அந்த வண்டிதான். இறக்கிவிட்டவள் திரும்பிப் போகிற சத்தம் கப்பல் ஏறும் வரை கேட்டதாம்.

நீதி: உன் பொருள் உனக்கே வேண்டுமென்றால், அது உன்னுடையது என்பதை யாரிடமும் சொல்லாதே. அப்போதுதான் அது உன் மனைவிக்காவது கிடைக்கும்.