இறங்கிக் கிடந்த கிடார்

"நாலு கம்பியும் சுதி இறங்கிக் கெடக்கு அருளு. ஒரு வருஷமா யாரும் தொடலைல்ல, துவண்டு போச்சு," என்றார் சந்தானம், போனில் சுருதி பார்க்கும் ஆப்பைக் காட்டி.

அது அவர் மனைவி சுந்தரவல்லியின் சொந்த பேஸ் கிடார், கனத்த கீழ்ச் சுரங்களுக்கானது. மெல்லிசைக் குழுவில் அவள் வாசித்த கிடார் வேனோடு சுற்றும். இது வீட்டுக்கு மட்டும். அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று மாலை ஒத்தக்கடை மண்டபத்தில் அவள் நினைவாகக் கச்சேரி. கிடார் சரியாக இருந்தால், குழுவில் இப்போது அவள் இடத்தில் இருக்கும் முத்துமீனா அதில் வாசிப்பாள். இல்லாவிட்டால் மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து வைப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க சந்தானத்தால் ஆகாது.

"ஏத்தி விடுங்கண்ணே," என்றான் பக்கத்து வீட்டு அருள்பாண்டி. ஏசி மெக்கானிக். சங்கீதம் தெரியாது, ஆனால் பை நிறைய திருகு முறுக்கும் ஆலன் கீ இருந்தது.

சந்தானம் ஏற்றினார். கம்பிகள் இழுத்த இழுப்பில் கிடாரின் கழுத்து வில்லாக முன்னால் வளைந்தது. நடுவில் கம்பிக்கடியில் பென்சில் நுழைந்தது.

"இம்புட்டு ஒசரத்துல அமுக்குனா அந்தப் புள்ளைக்கு விரலு பிஞ்சிரும்ண்ணே."

"அப்ப அடியில கம்பியத் தூக்கிப் பிடிக்கிற திருக எறக்கு."

இறக்கினான். மேல் சுரங்கள் தகரம்போல அதிர்ந்தன.

"கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி போகுதாம்ண்ணே. முறுக்குனா நிமிருமாம். வீடியோவுல சொல்றான்."

முறுக்கினார்கள். நிமிர்ந்தது. "இன்னும் ஒரு சுத்து" என்று அருள்பாண்டி முறுக்க, கழுத்து பின்னால் மல்லாந்தது. இப்போது கீழ்ச் சுரங்களும் இரைந்தன.

"உன் ஏசி இப்படி இரைஞ்சா என்னடா செய்வ?"

"கம்ப்ரசர் போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்லுவேன்."

சந்தானம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். பதற்றம் வந்தால் அவருக்குப் பாட்டு வரும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவர் குளியலறையில் பாட ஆரம்பித்தால் சுந்தரவல்லி கிடாரைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு, கேட்டதில்லை.

முத்துமீனா வந்ததும் கிடாரை ஒரு தட்டுத் தட்டினாள். முகம் சுருங்கியது.

"யாரு மாமா இதை ஏத்துனது?"

"தானா இறங்கிக் கெடந்துச்சும்மா."

"தானா இல்ல. அக்காதான் எறக்கி வச்சிருந்தாங்க. கம்பிய எறக்குனா இழுப்பு கொறஞ்சு கழுத்து பின்னால போயிரும். அதுக்குத் தோதா உள்கம்பியவும் தளத்தி வச்சிருந்தாங்க. நீங்க ஏத்தவும் தாங்கல."

அவள் கம்பிகளையும் உள்கம்பியையும் தளர்த்தி, அடித் திருகைப் பழையபடி ஏற்றினாள். கழுத்து பழைய நிலைக்கு வந்தது. ஒலிப்பெட்டியில் மாட்டிக் கம்பியை மீட்டியதும், ஒரு வருடமாகச் சத்தமில்லாத வீடு கிடுகிடுவென்று அதிர்ந்தது. சந்தானம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சந்தேகம் வந்தது. "அம்புட்டுக் கீழ பாடுறவன் உங்க குழுவுல யாரும்மா இருக்கான்?"

"யாருமில்ல."

"பின்ன எவனுக்காக எறக்குனா? அந்தச் சுதியில பாடுனா கேக்கச் சகிக்குமா?"

"எருமை கத்துன மாதிரில்ல இருக்கும்," என்றான் அருள்பாண்டி.

முத்துமீனா கிடாரை உறையில் போட்டாள்.

"நீங்க குளிக்கும்போது பாடுற சுதி மாமா அது. அவங்க கேக்குறாங்கன்னு தெரிஞ்சா நிறுத்திருவீங்கன்னு, கதவைச் சாத்திக்கிட்டு, பெட்டியில மாட்டாமக் கூடவே வாசிப்பாங்க."