மாமனார் பெயருள்ள நாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம். கல்யாணமாகி இரண்டாவது மாதமே, அந்த வாயால் என் வீட்டுக்காரரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

வில்லியனூருக்கு வெளியே, ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு முசியேவின் தோட்ட வீடு இருந்தது. (பிரெஞ்சுக்கார துரையை எங்கள் பக்கத்தில் முசியே என்போம்.) அவருடைய இரண்டு நாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. நாய் என்றால் கன்றுக்குட்டி உயரம். ஒன்று சுல்தான், இன்னொன்று விக்தோர். தினமும் காலையில் இரண்டையும் தோல்வாரில் பிடித்து ஆற்றங்கரைவரை நடத்திக் கூட்டிவர வேண்டும். முன்பு இருந்த ஆள் ஒருநாள் சுல்தானைத் தவறவிட்டார். அன்று மாலையே முசியே அவரை அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல். எழுந்து நின்றால் கால் ஆடியது. புதுச்சேரிக்குப் போயிருந்த முசியே மதியம் திரும்பிவிடுவார். நடக்காமல் கட்டிக் கிடந்த நாய்கள் குரைத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் இட்டுக்கினு போறேன். எங்கப்பா வூட்டுல ஜோடி மாட்டையே ஓட்டினவ நான்," என்றேன்.

"ரெண்டு வாரையும் ஒரே கையில சுத்திக்காத," என்றார் அவர். "விக்தோரு இழுத்தா பேரைச் சொல்லி அதட்டு. அப்பத்தான் நிக்கும்."

"பேரையா? நான் எப்படிங்க சொல்றது?"

"நாய்ப் பேருடி அது."

"மாமாவுக்கும் அதானே பேரு."

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

என் மாமனாருக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் விக்தோர். (எழுதினால் குற்றமில்லை, வாயால் சொன்னால்தான் குற்றம் என்பது என் கட்சி.) மாமனார் பெயரை மருமகள் சொல்வதா? என் மாமியார் ஜெபத்தில்கூட அவரை 'எங்க வூட்டு ஆம்பள' என்றுதான் கடவுளிடம் சொல்வார். மாமனாரோ அதிகம் பேசாதவர். அவர் தொண்டையைச் செருமினாலே என் கையில் இருப்பது நழுவும்.

தோட்டத்து வாசலைத் தாண்டும்வரை ராணி மாதிரி நடந்தேன். அதற்குப் பிறகு நாய்கள் நடந்தன, நான் பின்னால் போனேன். கை வலித்ததால் இரண்டு வாரையும் ஒரே கையில் சுற்றிக்கொண்டேன். (சொல்பேச்சு கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.) மாட்டை அதட்டுவதுபோல 'ஹை, ஹை' என்றேன். சுல்தான் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. விக்தோரை அதட்ட எனக்கு நாக்கே எழவில்லை. "மெதுவா போங்க, கொஞ்சம் நில்லுங்க," என்று கெஞ்சினேன். எதிரே வந்த தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

வழியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் விக்தோர் ஒரு பனைமரத்துக்கு வலப்பக்கம் பாய்ந்தது, சுல்தான் இடப்பக்கம் பாய்ந்தது. நடுவில் மரம். மரத்தோடு மரமாக நான். மணிக்கட்டில் வார்கள் இறுகி, விக்தோருடைய வார் மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டது.

ஆடுகள் ரயில் பாதையைத் தாண்டி ஓடின. விக்தோர் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று எதையோ மோந்துகொண்டிருந்தது. தூரத்தில் புகை தெரிந்தது. வண்டி கூவியது.

ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் சுல்தான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது, இழுத்தால் அசையவில்லை. அதை விட்டுவிட்டுப் போகவும் பயம். பாதைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் மாமனார்.

"மாமா பேரு வெச்சவங்களே, வாங்க," என்றேன். விக்தோர் காதைக்கூட ஆட்டவில்லை. வண்டிச் சத்தம் காலடியில் அதிர்ந்தது. நாய் போனால் வேலை போகும். காய்ச்சலில் கிடக்கிற மனிதர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"டேய் விக்தோரு! வாடா இங்க!"

கண்ணைத் திறந்தபோது நாய் பாய்ந்து வந்து என் மேல் மோதியது. அதன் பின்னாலேயே, வேட்டியை மடித்துக் கட்டி, கையில் வெட்டுக்கத்தியோடு, தண்டவாளத்தைத் தாண்டி மாமனார் ஓடிவந்தார். அவர் இந்தப் பக்கம் கால் வைக்கவும் வண்டி கடந்து போகவும் சரியாக இருந்தது. நாயைக் காப்பாற்றப் போய் மாமனாரை ரயிலுக்குக் கொடுக்க இருந்தேன்.

"இன்னாத்துக்குக் கூப்ட?" என்றார், மூச்சு வாங்க.

"உங்கள இல்ல மாமா. இவங்கள," என்று நாயைக் காட்டினேன்.

அவர் விக்தோரைப் பார்த்தார். விக்தோர் அவரைப் பார்த்தது. "ஒரு வாரை என்னாண்ட குடு," என்று வாங்கிக்கொண்டார். வீடு வரை அவர் ஒரு நாயோடு முன்னால் நடந்தார், நான் இன்னொன்றோடு பின்னால் போனேன்.

மதியம் வந்த முசியே நாய்களைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேலை பிழைத்தது. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் இன்றைக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார், நாளைக்கு அனுப்பிவிடுவார் என்று நான்கு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமனார் வழக்கம்போலக் கரும்பு வெட்டப் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமியார் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டும் அவர் எழவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார். நான் கரண்டியைக் கீழே போட்டேன்.

"மருமகள வந்து கூப்புடச் சொல்லு," என்றார். "அவ கூப்ட்டாத்தான் எனக்குக் காலு ஓடுது."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன், சிரிப்பும் வந்தது. இன்றும் எங்கள் வீட்டில் கூப்பிட்டும் யாராவது அசையாமல் உட்கார்ந்திருந்தால், பிள்ளைகள் என்னைத்தான் அனுப்புகிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள்.